முதல் கேமை நினைவில் வைத்திருப்பது கைதான்

கேள்வி இதுதான்: டிவி கேம், கம்ப்யூட்டர், கைபேசி, பிளேஸ்டேஷன் என்று ஒவ்வொரு கருவியிலும் நீங்கள் முதன்முதலில் ஆடிய வீடியோ கேம் எது? அந்த முதல் கேம் மட்டும் இத்தனை வருடம் கழித்தும் அச்சு அசலாக ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பின் ஆடிய எத்தனையோ கேம்களின் பெயர்கூட வாயில் வருவதில்லையே, ஏன்?

என் பட்டியலை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவி கேமில் சூப்பர் மரியோ. கம்ப்யூட்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. மவுஸ் பிடித்து ஆடியது சாலிட்டேர். கையடக்கக் கருவியில் டெட்ரிஸ், கைபேசியில் பாம்பு, பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ, தொடுதிரையில் ஆங்ரி பேர்ட்ஸ். இதில் ஒன்று தவறு என்று பிற்பாடு தெரிய வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது பாதிக்கு என் பதில்: முதல் கேமை நமக்காக நினைவு வைத்திருப்பது கை. கருவி மாறும்போதெல்லாம் கை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. டிவி கேமில் கட்டைவிரல் படித்ததைக் கீபோர்டில் பயன்படுத்த முடியாது. கீபோர்டில் படித்தது மவுஸில் உதவாது. அந்தப் புதுப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கேமோ அதுதான் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, மூன்றாவது கேம்கள் எல்லாம் ஏற்கெனவே படித்ததை வைத்து ஆடியவை. நான் கை என்று சொல்வது உளவியலில் செயல்முறை நினைவு என்பார்களே, அதை. சைக்கிள் ஓட்டுவது, நீச்சல், தட்டச்சு எல்லாம் இந்த வகை. பெயர், தேதி, நடந்த சம்பவம் ஆகியவற்றை வைத்திருக்கும் நினைவும் இதுவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் ஓடுபவை. பெயர் போய்விட்டாலும் விரல் போகாது.

மரியோவை எடுத்துக்கொள்வோம். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்த கேம். முதல் திரையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மரியோ இடது பக்கமாக நிற்கிறார், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. எங்கே போக வேண்டும் என்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. காலியாக இருக்கிற பக்கம்தானே போகத் தோன்றும்? நாலு எட்டு நடந்ததும் கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னுகிறது. எதிரே புருவத்தை நெரித்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் கூம்பா என்ற எதிரி வருகிறது. தொட்டால் போச்சு. முதல் முறை நான் அங்கேதான் செத்தேன், நீங்களும் அங்கேதான் செத்திருப்பீர்கள். ஆனால் இழந்தது சில விநாடிகள்தான், உடனே மறுபடி அதே இடம். இந்தத் தடவை குதிக்கிறோம். குதித்தால் ஒன்று கூம்பா நசுங்குகிறது, இல்லையென்றால் தலை பெட்டியில் முட்டிக் காசு வருகிறது. இரண்டுமே நல்லதாகப் போச்சு.

அடுத்த பெட்டியிலிருந்து காளான் வரும். கூம்பாவே ஏறக்குறைய காளான் மாதிரிதான் இருக்கும் என்பதால் இதுவும் ஆபத்து என்று ஒதுங்கப் பார்ப்போம். காளான் வலது பக்கம் போய்க் கீழே விழுந்து, அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வரும். தலைக்கு மேலே கற்கள் இருப்பதால் தாண்டுவதும் சுலபமில்லை. பெரும்பாலும் நம் மேல் பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரிதாகிறார்! குழாயும் கற்களும் அந்த இடத்தில் இருப்பது தற்செயல் இல்லை. வேண்டுமென்றே இப்படி அமைத்ததைப் பற்றி மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். ஒரு வார்த்தை எழுதாமல் நடப்பது, குதிப்பது, மிதிப்பது, முட்டுவது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அத்தனையும் அரை நிமிடத்தில் படித்துவிடுகிறோம். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் ஆடியவர்களுக்கும் அது அப்படியே நினைவிருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

அந்த முழு கேமும் 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படம் ஒன்றே அதைப்போல ஐம்பது மடங்கு வரும். அந்த இடத்துக்குள் 32 ஸ்டேஜ், இசை, படம் எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். சின்ன வயதில் ஆயிரம் முறை பார்த்தும் கண்ணில் படாதது பளிச்சென்று தெரியும்.

கை என்று சொன்னேன் அல்லவா, அந்த ரிமோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரமெல்லாம் கூர்மையான செவ்வகப் பெட்டி. இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன். அதை வடிவமைத்தவர் மரியோவை வெளியிட்ட நிண்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய், முதலில் வந்தது 1982-இல் கையடக்க டாங்கி காங் கேமில். பார்க்காமலேயே கட்டைவிரலுக்கு நாலு திசையும் தெரிய வேண்டும் என்பதற்கான வடிவம் அது. ஒரு மணி நேரம் ஆடிவிட்டு விரலைப் பார்த்தால் அந்தக் கூட்டல் குறி தோலில் சிவப்பாகப் பதிந்திருக்கும். எங்கள் ரிமோட்டில் வலது பக்கம் வேலை செய்யாமல் போனபோது அண்ணன் ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து காட்டினான். உள்ளே பச்சை நிறப் பலகை, அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு, ரப்பருக்கு அடியில் ஒவ்வொரு திசைக்கும் கறுப்பாக ஒரு வில்லை. அமுக்கும்போது அந்தக் கறுப்பு வில்லை பலகையில் இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கும், அவ்வளவுதான் பட்டன். நாலு வில்லையில் வலது பக்கத்தது மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மரியோவில் திரை வலது பக்கம் மட்டும்தான் நகரும், திரும்பி வர வழியே கிடையாது. நாங்கள் என்ன ஆடிக்கொண்டிருந்தோம் என்று அந்த வில்லையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேசட் ஊதுவது பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஊதினால் சரியாகிவிடும் என்று நாமெல்லாம் நம்பினோம். உண்மையில் சரியானது கேசட்டை வெளியே எடுத்து மறுபடி சொருகியதால். உலோகப் பற்கள் இந்த முறை சரியாக உட்கார்ந்திருக்கும். வாயிலிருந்து போகும் ஈரம் நாளடைவில் அந்தப் பற்களைக் கெடுக்கத்தான் செய்யும், நிண்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. பழைய கேசட் யாரிடமாவது இருந்தால் பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள், அது போதும்.

துப்பாக்கி வைத்து வாத்து சுடும் டக் ஹண்ட் 1984-இல் வந்தது. துப்பாக்கியிலிருந்து ஏதோ பாய்ந்து டிவிக்குள் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். துப்பாக்கி முனையில் இருப்பது வெளிச்சத்தை உணரும் கருவி. விசையை இழுத்ததும் திரை முழுவதும் கண நேரம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக்குள் விழுந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து பறந்தால் இரண்டு கட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. சுடும்போது திரை வெட்டியது உங்களுக்கு நினைவிருந்தால் நீங்கள் பார்த்தது இதைத்தான். பழைய பெட்டி டிவியின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு என்பதால் இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

அப்புறம் கான்ட்ரா கேமின் ரகசியப் பட்டன் வரிசை. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி ஏ, ஸ்டார்ட். முப்பது லைஃப்! இதை எழுதும்போதுகூட என் கட்டைவிரல் மேசைமேல் அசைகிறது. காசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற நிரலாளர் 1986-இல் கிரேடியஸ் கேமை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது கஷ்டமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்து அப்படியே வெளியாகிவிட்டது, பிறகு கான்ட்ராவிலும் வந்தது. உங்களுக்குத் தொலைபேசி எண் மறந்திருக்கும், இது மறந்திருக்காது.

என்னைவிட மூத்தவர்களுக்குப் பட்டியல் பாங் (Pong) என்ற கேமில் தொடங்கும். 1972-இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் செய்தது. ஒரு குமிழைத் திருகினால் மட்டை மேலும் கீழும் போகும், அவ்வளவே. அதே வருடம் ரால்ஃப் பேயரின் யோசனையில் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸிதான் வீட்டுக்கு வந்த முதல் டிவி கேம். அதில் திரையில் தெரிந்தது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும். மைதானம், பாதை எல்லாம் கண்ணாடித் தாளில் அச்சடித்துத் தருவார்கள், அதை டிவித் திரைமேல் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். அட்டாரி 2600 வந்தது 1977-இல். அதன் வேலை நினைவகம் மொத்தமே 128 பைட், இந்தப் பத்தியில் பாதியைக்கூட அதில் வைக்க முடியாது.

அந்தத் தலைமுறையின் ஸ்பேஸ் இன்வேடர்ஸை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, 55 எதிரிகள். சுடச் சுட மீதி இருப்பவை வேகமாக நகரும், கடைசி ஒன்று பேய் மாதிரி ஓடும். ஆடியவர்களுக்கு அந்தப் பதற்றம்தான் முதல் ஞாபகம். அந்த வேகம் முதலில் திட்டமிட்டு வைத்தது இல்லை. 55-ஐயும் வரைய அந்தக் கருவிக்கு நேரம் பிடித்தது, எண்ணிக்கை குறையக் குறைய வேலை சீக்கிரம் முடிந்தது. நிஷிகாடோ அதைப் பார்த்துவிட்டுப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். கருவியின் இயலாமை ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பாக மாறிய இடம் அது. இதைப் படித்த நாளிலிருந்து பழைய கருவிகள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

கம்ப்யூட்டருக்கு வருவோம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டன் மெக்னர் தனி ஆளாக உருவாக்கியது, நான் ஆடியது பிறகு வந்த டாஸ் வடிவம். மரியோவில் பட்டனை அமுக்கிய கணமே மரியோ குதிப்பார். இங்கே இளவரசனுக்கு உடம்பு இருக்கிறது. ஓட ஆரம்பிக்க ஓரிரு எட்டு வேண்டும், நிற்கச் சொன்னால் சறுக்கிக்கொண்டுதான் நிற்பான். பள்ளத்தைப் பார்த்த பிறகு குதி என்று சொன்னால் தாமதம், விளிம்புக்கு ஓர் எட்டு முன்பே சொல்லிவிட வேண்டும். டிவி கேமில் பழகிய என் கை முதல் பத்து நாள் அவனைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தது. ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஜாக்கிரதையாக ஓர் அடி வைப்பான், விளிம்பில் நின்றுவிடுவான். விழும்போது ஷிஃப்டை அமுக்கினால் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவான். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த உடம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடை போட்டு ஓட, குதிக்க, சுவரேறச் சொல்லி வீடியோ எடுத்தார். பிறகு அந்த வீடியோவை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, உடம்பின் வெளிக்கோட்டைப் பார்த்து வரைந்தார். ஒரு சிறுவன் வெட்டவெளியில் ஓடிய ஓட்டம்தான் லட்சக்கணக்கான திரைகளில் ஓடியது. இன்னொன்று, நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்ததும் மறுபக்கம் ஒரு நிழல் மனிதன் பிரிந்து ஓடுவான். அடுத்த லெவலில் நமக்கான மருந்தை அவன் குடித்துவிடுவான், அதற்கடுத்ததில் கதவை மூடி நம்மைக் கீழே தள்ளுவான். இன்னொரு எதிரியை வரைந்து வைக்க நினைவகத்தில் இடமில்லை. இருக்கிற இளவரசன் படத்தையே கணக்கு வழியில் புரட்டி மின்னும் உருவமாக்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது லெவலில் அவனோடு கத்திச் சண்டை போட்டால், அவனுக்கு விழும் அடி நமக்கும் விழும். கத்தியை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும், இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்த ஒருவரை எனக்குத் தெரியும், என் அக்கா. நான் இரண்டு வாரம் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அவனை அடிச்சா உனக்குத்தானே குறையுது, கத்தியை உள்ள வை" என்றாள்.

கேமின் மொத்த நேரம் 60 நிமிடம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மிச்ச நேரம் காட்டும். தட்டாமல் இருப்பதே நல்லது.

சாலிட்டேர் விண்டோஸ் 3.0-உடன் 1990-இல் வந்தது. சீட்டை மவுஸில் பிடித்து இழுத்துப் போட்டு விளையாடும்போது, மவுஸ் என்ற பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஊரே படித்துவிட்டது. மைன்ஸ்வீப்பரில் இடது பட்டனும் வலது பட்டனும் வேறு வேறு என்று விரல் கற்றுக்கொண்டது. இவற்றை கேம் என்றே சேர்க்காதவர்கள் உண்டு. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. வேறெந்த கேமும் தொடாத பெரியவர்கள் பலருக்கு வாழ்க்கையின் முதல் வீடியோ கேம் இதுதான்.

கேசட் டேப்பில் கேம் ஏற்றியவர்களின் நினைவு வேறு மாதிரி இருக்கும். 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஒரு கேம் ஏறப் பல நிமிடம் ஆகும். கீச்சென்ற சத்தமும் திரை ஓரத்தில் ஓடும் வண்ணப் பட்டைகளுமாகக் காத்திருக்க வேண்டும். அவர்களிடம் முதல் கேம் எது என்று கேட்டுப் பாருங்கள், பலர் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

டெட்ரிஸுக்கு வரும்போது என் பதிலுக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கிறது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் இதை எழுதினார். அந்தக் கணினியில் படம் வரையவே முடியாது, கட்டங்களை அடைப்புக்குறிகளால் காட்டினார். ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நாலு சதுரம். 1989-இல் நிண்டெண்டோவின் கையடக்க கேம் பாய் கருவியோடு சேர்த்துக் கொடுத்தபோது உலகம் முழுக்கப் பரவியது. எனக்குக் கிடைத்தது கேம் பாய் இல்லை, பத்துக்கு இருபது கட்டம் போட்ட சின்னத் திரையில் கறுப்புச் சதுரங்கள் மட்டும் தோன்றும் பிரிக் கேம். படுத்துக் கண்ணை மூடினாலும் கட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கும். 2000-இல் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் இதையே ஆராய்ந்தார்கள். ஆடியவர்களில் பலருக்குத் தூங்கப் போகும் நேரத்தில் அந்த வடிவங்கள் கண்ணில் தெரிந்தன. அவர்களில் ஐந்து பேர் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத மறதி நோயாளிகள். கேம் ஆடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அந்த ஐவரில் மூவர் கட்டங்கள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆடினோம் என்ற நினைவு அழிந்த பிறகும் ஆட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கேம் நமக்குள் ஒரே இடத்தில் பதிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் பார்த்ததில்லை.

பாம்பு கேமை 1997-இல் நோக்கியா 6110 கைபேசிக்காக எழுதியவர் டனேலி அர்மண்டோ. 84-க்கு 48 புள்ளிகள் கொண்ட திரை. 2, 4, 6, 8 எண்கள்தான் திசைகள். எண்ணைப் பார்க்காமல் கட்டைவிரலால் தட்டப் பழகியது அதில்தான், குறுஞ்செய்தி வேகமாக அடிக்க வந்ததும் அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். பாம்பு நீண்ட பிறகு வேகம் உதவாது. சுவரோரமாகப் போய், மடிந்து மடிந்து, வாலுக்கு இடம் விட்டு வர வேண்டும். அந்த மடிப்பு வரிசை இன்றும் என் விரலில் இருக்கிறது.

பிளேஸ்டேஷனில் கை படித்தது அளவு. அதுவரை பட்டன் என்றால் உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலை. கிரான் டூரிஸ்மோவில் ரிமோட்டில் இருக்கும் சின்னக் குச்சியைக் கொஞ்சமாகச் சாய்த்தால் கார் கொஞ்சமாகத் திரும்பியது, முழுக்கச் சாய்த்தால் வளைவில் சுழன்று போனது. அதே காலத்தில் நிண்டெண்டோ 64 வைத்திருந்தவர்கள் இதையே 1996-இன் சூப்பர் மரியோ 64-இல் கற்றிருப்பார்கள். மெதுவாகத் தள்ளினால் மரியோ பூனை நடை நடப்பார். பழைய பிளேஸ்டேஷன் படங்களில் சுவரும் தரையும் லேசாக நெளிவது உங்களுக்கு நினைவிருந்தால் அது ஞாபகப் பிசகு இல்லை. தசம இடம் இல்லாத முழு எண்களில் அது கணக்குப் போட்டது, படத்தைப் பரப்பும்போது தொலைவையும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால்தான் அந்த நெளிவு.

ஆங்ரி பேர்ட்ஸ் 2009 டிசம்பர். கவணை இழுத்துவிடுவது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத அசைவு, அதனால்தான் தொடுதிரைக்கு அது நல்ல முதல் பாடமாக அமைந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

வயதும் ஒரு காரணம்தானே என்று கேட்கலாம். சரிதான். பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை பிற்காலத்தில் மற்ற வயதின் நினைவுகளைவிட அதிகமாக எழும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் அந்த வயதில் ஆடிய இருபதாவது கேமும் நினைவிருக்க வேண்டும், நாற்பதில் தொட்ட புதுக் கருவியின் முதல் கேம் மறந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டுமே அப்படி இல்லை.

பெயர் மறந்த கேமைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கதையையும் நிறத்தையும் நினைக்க முயலாதீர்கள். அவை காலப்போக்கில் மாறிவிடும். கை என்ன செய்தது என்று எழுதுங்கள். எத்தனை பட்டன்? எதை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள்? திரை நகர்ந்ததா, ஒரே திரையா? பக்கவாட்டில் பார்த்தீர்களா, மேலிருந்தா? எப்படிச் செத்தீர்கள்? இரண்டு பேர் சேர்ந்து ஆடினீர்களா, மாறி மாறியா? இத்தனையும் இருந்தால் விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லிவிடுவார். பல கேம் சேர்ந்த நகல் கேசட்டுகளில் பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள், ஒரே கேமையே வேறு வேறு ஸ்டேஜில் தொடங்க வைத்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். அதனால் அந்தக் கேசட்டில் பார்த்த பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள்.

தேடுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை. சேமிக்கும் வசதி கொண்ட பழைய கேசட்டுகள் பலவற்றில் உள்ளே ஒரு பட்டன் பேட்டரிதான் நம் ஆட்டத்தைக் காத்து வருகிறது. அது தீர்ந்தால் சேமித்ததும் போய்விடும். பிரவுசரில் ஆடிய ஃபிளாஷ் கேம்களுக்கு 2020 கடைசியோடு ஆதரவு நின்றது, ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வலர் முயற்சி ஏராளமானவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் பழைய கேமை ஆடும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உங்கள் டிவியைக் கேம் மோடில் மாற்றிப் பாருங்கள். தட்டை டிவிகள் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் சிறு தாமதத்தைப் பழகிய விரல் உடனே கண்டுபிடித்துவிடும்.

இனி என் பட்டியலில் இருந்த தவறு. டிவி கேமில் என் முதல் கேம் மரியோ என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னபோது, "மரியோ கேசட் வந்ததே பின்னாடி, முதல்ல நாம ஆடினது டேங்க்" என்றாள். பேட்டில் சிட்டி, நாம்கோ 1985-இல் வெளியிட்டது. அடியில் கழுகுச் சின்னம், சுற்றிச் செங்கல், ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்குகள். எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. மஞ்சள் டேங்க் அவளுடையது, பச்சை என்னுடையது என்றாள். தேடி எடுத்து, இரண்டு ரிமோட்டைச் சொருகி உட்கார்ந்தோம். ஸ்டேஜ் தொடங்கியதும் நான் யோசிக்கவே இல்லை. என் கட்டைவிரல் பச்சை டேங்கை நேரே கழுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேல்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கயேதான் நிப்ப. நான் சுட்டுட்டு வர்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்" என்றாள்.